யாருக்கு ப்ரொபிஷஸ்?

முதலாம் வருஷ இங்கிலிஷ் வகுப்பில் ‘ப்ரொபிஷஸ்’ என்றொரு சொல் வந்தது. ‘சாதகமான’ என்று எழுதிக்கொண்டோம். உதாரணமும் தந்தார்கள்: கப்பல் புறப்படக் காலநிலை சாதகமாக இருந்ததாம். மொனராகலையிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த நாங்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கப்பல் என்றால் எங்கள் வீடுகளில் ஞாபகம் வருவது 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், தலைமன்னாரில் கப்பல் ஏறிப்போன சொந்தக்காரரும்தான்.

இதற்கு உறவான சொல் ‘ஆஸ்பிஷஸ்’. பறவை பார்த்துக் குறி சொன்ன ரோமரின் லத்தீனிலிருந்து வந்தது. சிங்களத்தில் மயில்பாறை என்று பேர் வாங்கிய மொனராகலைக்காரருக்கு அது மறக்குமா? ‘ப்ரொபிஷஸ்’தான் மண்டையில் ஏறவில்லை.

ஏற வைத்தவள் பதுளைத் தோழி. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன பருவம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. மழையை மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிவிட்டு, கச்சான் காத்து காய்ந்துபோய் இங்கே இறங்கும். அந்தக் காய்ச்சலில் கொழுந்து மெதுவாக வளரும், வாசம் ஏறும், கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். “ஆனா மலையில கொழுந்து இருக்காதுடி. கிலோ சேரலேன்னா அம்மாவுக்கு அரைப்பேருதான்” என்றாள். ஒரே காத்து. தேயிலைக்குச் சாதகம், கொழுந்து பறிக்கிற கைக்கு இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் என்றால் சொற்பட்டியலைப் பாடமாக்குவது என்று ஆகிவிட்டது. சோதனை முடிந்ததும் சொல்லும் போய்விடும். படிக்க வேணாம் என்று நாங்கள் சொல்லவில்லை, நல்லாவே படிக்கணும். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வர 2021 ஆனது. அதுவரை வருஷக்கணக்காகக் கேட்டது ‘இப்போ நிலைமை சரியில்லை’ என்ற பதில்தான். எந்த நிலைமை, யாருக்குச் சரியில்லை என்று திருப்பிக் கேட்க, கம்பனி அறிக்கையை அது எழுதப்பட்ட இங்கிலிஷிலேயே வாசிக்கத் தெரியணும்.

இங்கிலிஷில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ‘ஃபோர்’ வரும். வகுப்பில் அதை இடைவெளி நிரப்பும் கேள்வியாக மட்டும் தந்தார்கள். எங்களுக்கோ விஷயமே அந்த ‘ஃபோர்’தான்.

தோழி பயிற்சிக் கொப்பியில் எழுதிய வாக்கியம்: கச்சான் காத்து தேயிலைக்கு ப்ரொபிஷஸ், என் அம்மாவுக்கு இல்லை. பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு ‘ரைட்’ மட்டும் விழுந்திருந்தது.