விழா எடுப்போரும் விழா வாங்குவோரும்

எமது பல்கலைக்கழகங்களிலே விழாக்களுக்குப் பஞ்சமில்லை. புதுமுக மாணவர் வரவேற்பு, இறுதியாண்டு மாணவர் பிரியாவிடை, முத்தமிழ் விழா, வாணி விழா, ஒளி விழா, விடுதி விழா, பீட விழா என்று ஆண்டு முழுவதும் ஏதாவதொன்று நடைபெற்றுக்கொண்டேயிருக்கின்றது. ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர். ஆயினும் இக்குழுக்கள் எதன்பொருட்டு அமைக்கப்படுகின்றன என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்வியைக் கேட்பது சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் கேட்டேயாக வேண்டிய நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

இன்றைய விழாக்குழுவொன்றின் வேலைமுறையைச் சற்று நோக்குவோம். குழு கூடியதும் முதலில் எழும் பேச்சு நிகழ்ச்சியைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது. கடிதங்கள் அச்சாகின்றன. இருவர் மூவராகப் பிரிந்து நகரத்துக் கடைத்தெருவிலே ஏறி இறங்குகின்றனர். நகைக்கடையும் புடைவைக்கடையும் தனியார் கல்வி நிலையமும் விளம்பரம் தருகின்றன. அவ்விளம்பரங்களைத் தாங்குவதற்காக ஒரு மலர் வெளிவருகின்றது. அதிலே ஆசியுரைகள் பத்து, கட்டுரைகள் மூன்று. சேர்ந்த பணத்திலே பெரும்பகுதி வெளியூர் இசைக்குழுவுக்கும், ஒலியமைப்புக்கும், ஒளியமைப்புக்கும், மேடை அலங்காரத்துக்கும் போய்ச் சேர்கின்றது. குழுவினர் இரண்டு மாதமாக ஓடியாடிக் கற்றுக்கொண்டது பேரம்பேசும் கலை ஒன்றே.

விழா மாலையிலோ, திரைப்படப் பாடல்கள் முழங்குகின்றன, மண்டபம் அதிர்கின்றது, மாணவர் கைதட்டுகின்றனர். மாணவர் நிகழ்ச்சி எங்கே என்று தேடினால், பிரதம விருந்தினர் உரை முடிந்தபின் இசைக்குழுவினர் தம் வாத்தியங்களைப் பொருத்துகின்ற அந்தப் பதினைந்து நிமிட இடைவெளியிலே அதனைக் காணலாம். ஒரு நடனம், ஒரு கவிதை, அரைகுறையாக ஒத்திகை பார்த்த ஒரு நகைச்சுவைத் துண்டு. மாணவரின் பெயரால், மாணவரின் பணத்தால், மாணவரின் உழைப்பால் நிகழும் விழாவிலே மாணவனுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இதனை விழா எடுத்தல் என்று கூறமுடியாது. விழா வாங்குதல் என்றே கூறவேண்டும். எடுப்பவன் ஆக்குகிறான், வாங்குபவன் பார்க்கிறான். எமது குழுக்கள் ஆக்குவோர் குழுக்களாயிருந்த நிலையிலிருந்து வாங்குவோர் குழுக்களாக மாறிவிட்டன என்பதே எனது குற்றச்சாட்டு.

இவ்வாறு கூறும்போது கடந்தகாலத்தை நினைவூட்டாமல் இருக்கமுடியாது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலே நாடகங்கள் எழுதி மாணவரை நடிக்கச் செய்தார். அவற்றுள் நான்கு 1940இல் ‘நானாடகம்’ என நூலுருப் பெற்றன. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர பேராதனை மாணவரைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள அரங்கின் போக்கையே மாற்றிய அந்நாடகம் மாணவர் முயற்சியில் உருவானது. அதற்கு ஆதாரமான நாடகம மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தை மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்பன தொடர்ந்தன. கிராமத்திலே விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, ஆட்டமும் பாட்டும் குன்றாமல் சில மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டு நகர மேடைக்கு வந்தது. இராவணனாக அன்று ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்திலே கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி அடுத்த தலைமுறைக்குக் கூத்தைப் பயிற்றினார். 1985இல், போர்ச் சூழலின் நடுவே, குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரின் பங்களிப்புடன் மக்கள் முன் வந்தது.

இவர்களிடம் இன்றைய ஒலிபெருக்கிகள் இருந்தனவா? வண்ண விளக்குகள் இருந்தனவா? இருந்தவை உடலும் குரலும் ஒத்திகைக்கான நேரமும் மட்டுமே. ஓர் ஆட்டத்தைப் பழகும்போது மட்டக்களப்பானும் யாழ்ப்பாணத்தானும் மலையகத்தானும் ஒருவன் காலடிக்கு மற்றவன் காலடி வைக்கப் பழகினான். அவ்வுறவை எந்த இசைக்குழுவும் வாடகைக்குத் தரமாட்டாது.

பணத்தின் சுமை யார் தலையில் விழுகின்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. எமது மாணவருட் கணிசமானோர் மகாபொலப் புலமைப்பரிசிலையோ உதவிப்பணத்தையோ நம்பி மாதத்தை ஓட்டுபவர்கள். அவர்களிடம் அனுமதிச்சீட்டு, சின்னம் பொறித்த மேற்சட்டை, மலர், உணவுப்பொதி என ஒன்றன்பின் ஒன்றாக அறவிடப்படுகின்றது. “விரும்பியோர் தரலாம்” என்பது அறிவித்தற் பலகையில் உள்ள வாசகம்; தராதவன் பெயர் விடுதியில் எவ்வாறு பேசப்படும் என்பது அனைவரும் அறிந்த செய்தி. புதுமுக மாணவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர்கள் கதிரை சுமக்கின்றனர், தோரணம் கட்டுகின்றனர், இரவிரவாக மண்டபம் கூட்டுகின்றனர், மேடையேறுவதில்லை. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் நிறைவேறியது. ஆனால் ‘விழா வேலை’ என்ற பெயரிலே மூத்தோர் இளையோரை ஏவுவதைப் பகிடிவதை என்று எண்ணுவார் இல்லை. வரவேற்கப்படுபவனே வரவேற்பு விழாவின் கூலியாளாவது விந்தையிலும் விந்தை.

விழா முடிந்ததும் நன்றியுரை உண்டு, கணக்கறிக்கை இல்லை. பொருளாளர் நேர்மையானவராயிருக்கலாம், அவரைக் களவாளி என்று கூறுவது என் கருத்தன்று. ஆனால் பொதுப்பணத்தைப் பெற்றவர் பொதுவிலே கணக்குக் காட்டவேண்டும் என்பது அவர்மீதுள்ள ஐயத்தால் எழும் விதியன்று; அது சனநாயகத்தின் அரிச்சுவடி. நாட்டின் ஊழலைப் பற்றி மேடைதோறும் முழங்கும் மாணவத் தலைவர்கள் தம் கைப்பையிலுள்ள பற்றுச்சீட்டுகளை முதலில் பலகையில் ஒட்டட்டும்.

இங்கே மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, படிப்பாலும் பரீட்சையாலும் களைத்த மாணவனுக்கு ஓர் இரவு களிப்பு வேண்டாமா என்பது. வேண்டும், களிப்பைப் பழிப்பவன் அல்லன் யான். ஆனால் பார்த்துப் பெறும் களிப்பு அன்றிரவோடு முடிகின்றது. ஆடிப் பெறும் களிப்பு ஒத்திகையின் முதல்நாளே தொடங்கி ஆண்டுகள் கடந்தும் நிலைக்கின்றது. இரண்டாவது, இன்றைய மாணவரிடம் ஆற்றல் இல்லை என்பது. ஒவ்வோர் ஆண்டும் பாடசாலை நாடகப் போட்டிகளிலும் தமிழ்த்தினப் போட்டிகளிலும் பரிசு பெற்றவர்களே எம் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். பல்கலைக்கழக வாயிலைக் கடந்ததும் அவ்வாற்றல் ஆவியாகிப் போகுமா? கேட்பாரில்லை, அதனால் வெளிப்படவில்லை. மூன்றாவது, கூத்தும் நாட்டாரிசையும் பழையன என்பது. அப்படியானால் புதியதைச் செய்யுங்கள். உங்கள் விடுதி வாழ்வை, உங்கள் ஊரின் இழப்பை, வேலையின்றித் திரியும் பட்டதாரியை மேடைக்குக் கொண்டுவாருங்கள். பிறர் பாடிய திரைப்பாடலை இன்னொருவர் பாடக் கேட்பதில் என்ன புதுமை இருக்கின்றது?

விரிவுரையாளர்களும் இக்குற்றத்தில் பங்காளிகளே. பெரும்பொருளாளர் என்ற பெயரில் ஒப்பமிடுவதும் முன்வரிசையில் அமர்ந்து பொன்னாடை பெறுவதும் அவர்தம் கடமையின் எல்லையாகிவிட்டன. கணபதிப்பிள்ளையும் சரச்சந்திரவும் வித்தியானந்தனும் முன்வரிசையில் அமர்ந்தவர்களல்லர்; ஒத்திகைக் கூடத்தில் நின்றவர்கள்.

ஆகவே விழாக்குழுக்களுக்குச் சில விதிகள் வேண்டும். விழா நேரத்திற் பாதிக்குக் குறையாதது மாணவர் ஆக்கங்களுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். குழுவிலே எல்லா ஆண்டு மாணவருக்கும், மாணவியருக்கும் உரிய இடம் இருத்தல் வேண்டும். மாணவியரைக் கோலமிடவும் விளக்கேற்றவும் மட்டும் அழைக்கும் வழக்கம் ஒழியவேண்டும். எந்த மாணவரிடமும் கட்டாயப் பணம் அறவிடலாகாது. விழா முடிந்து இரு வாரங்களுக்குள் வரவுசெலவு அறிவித்தற் பலகையில் இடப்படல் வேண்டும். மிகுந்த பணம் அடுத்த குழுவிடம் எழுத்திலே ஒப்படைக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த பொதுக்கூட்டத்திலே ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதித்தாற் போதும்.

மாணவன் தானே ஆக்கவும் தானே ஆளவும் பழகும் முதற்களம் இக்குழுக்களே. இங்கே வாங்கவும் கைதட்டவும் மட்டும் பழகியவன் நாளை சமூகத்திலும் அதனையே செய்வான். அடுத்த விழாவுக்கான குழு விரைவிலே கூடும். அக்கூட்டத்தில் முதற் கேள்வி “எந்த இசைக்குழு?” என்பதாக இருக்குமா, “யார் யார் ஆடுகிறோம்?” என்பதாக இருக்குமா என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர்கள் இதனை வாசிக்கும் நீங்களே.