சைக்கிளும் வண்டிதான்... பிள்ளைக்குச் சொன்னீர்களா?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முதன்முதலாக சைக்கிள் வாங்கிய நாளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஹேண்டில்பாரில் பூச்சரம். மட்கார்டில் சந்தனம், குங்குமம். முன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டுக்கு இரண்டு லட்டு. கடைசியில், ‘பாத்துப் போடா கண்ணா’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், இல்லையா?

அந்தப் ‘பாத்துப் போ’வுக்கு என்ன அர்த்தம்? ரோட்டில் எந்தப் பக்கம் போகணும், சிக்னலில் எங்கே நிக்கணும், திரும்புவதற்கு முன்னால் என்ன செய்யணும்... இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோமா?

நான் சொல்லிக் கொடுத்தேன். தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னையில், வடபழனி பக்கம். என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் டியூஷனுக்கு சைக்கிளில் போய் வருவான். பின்னால் வருகிற பஸ்ஸும் லாரியும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது. எதிரில் வருகிற வண்டி என்றால் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். இது என் கணக்கு. அதனால், “ரோட்டுல வலது ஓரமாவே போடா, எதிர்ல வர்றவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போ” என்று தினமும் பாடம் நடத்தினேன். அவனும் தாய் சொல்லைத் தட்டவில்லை.

ஒரு நாள் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு பைக் வந்தது. இடது பக்கம் திரும்பவேண்டும். அதை ஓட்டி வந்தவர் வலது பக்கம் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை. திரும்பினார். வண்டியே வரக்கூடாத இடது பக்கத்திலிருந்து என் பிள்ளை வந்துகொண்டிருந்தான். மோதிய வேகத்தில் கையை ஊன்றி விழுந்ததில் காறை எலும்பு முறிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே, தோளோடு சேர்கிற எலும்பு. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு இருந்தான். தலை தப்பியது, யார் செய்த புண்ணியமோ!

செய்தி கேட்டு ஓடியவள், முதலில் அந்த பைக்காரரைத்தான் பிடித்துக்கொண்டேன். “கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று நடுரோட்டில் சத்தம் போட்டேன். அங்கே நின்றிருந்த வயதான டிராஃபிக் ஏட்டு பொறுமையாகச் சொன்னார்: “அம்மா, கோவப்படாதீங்க. நடந்து போறவங்கதான் எதிர்ல வர்ற வண்டியைப் பாத்தபடி வலது ஓரமா போகலாம். சைக்கிள் வண்டிம்மா. வண்டின்னா இடது பக்கம்தான் போகணும். அவர் பாக்க வேண்டிய பக்கம் பாத்துட்டுத்தான் வந்தாரு.”

சைக்கிள் வண்டிம்மா! நாற்பது வயதுக்கு மேல் எனக்கு உறைத்த பாடம் இது. உங்களுக்குச் சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான்.

நம் வீடுகளில் சைக்கிளை வண்டியாக நினைக்கிறோமா? விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறோம். அல்லது, காலால் நடப்பதற்குப் பதில் சக்கரத்தால் நடப்பது என்று நினைக்கிறோம். முந்தைய தலைமுறை அப்படி நினைக்கவில்லை. ஒரு காலத்தில் சைக்கிளுக்கே வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்ததை உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் அடித்தாலும் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார். அந்த பயத்தில் டைனமோவை அழுத்திவிட்டுத்தான் தெருமுனையைத் தாண்டுவார்கள். இன்று வில்லையும் இல்லை, டைனமோவும் இல்லை, பயமும் இல்லை. ஆனால் ரோட்டில் வண்டிகள் மட்டும் பல மடங்கு பெருகிவிட்டன.

லைசென்ஸ் வேண்டாம், சட்டமுமா வேண்டாம்?

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் இன்ஜினாலோ மோட்டாராலோ ஓடுகிற வண்டிகளுக்கானது. மிதித்து ஓட்டும் சைக்கிள் அதில் வராது. அதனால் லைசென்ஸ், பதிவு எண், இன்ஷூரன்ஸ் எதுவும் தேவையில்லை. ஹெல்மெட் கட்டாயம் என்கிற 129-வது பிரிவும் சைக்கிளுக்குப் பொருந்தாது. இதையெல்லாம் வைத்து ‘சைக்கிளுக்கு ஏதுங்க ரூல்?’ என்று கேட்கிறோம்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவைப் பாருங்கள். பொதுப் பாதையில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக எந்த வண்டியை ஓட்டினாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ‘எந்த வண்டி’ என்றால் சைக்கிளும் சேர்த்துத்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இது 279-வது பிரிவாக இருந்தது.

சட்டத்துக்கு பயந்து நடக்கச் சொல்லவில்லை. சைக்கிளைச் சுற்றி பானெட் கிடையாது, பம்பர் கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. பிள்ளையின் உடம்புதான் பம்பர்! 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் நாலாயிரத்துக்கும் அதிகமானவர்கள் சைக்கிளில் போனவர்கள்.

அந்த பம்பரைக் காப்பாற்ற என்னென்ன சொல்லிக் கொடுக்கலாம்? நான் அடிபட்டுக் கற்றது இவ்வளவு.

இடது பக்கம் போகவேண்டும். ஆனால் ஓரம் என்றால் சாக்கடை மூடியை உரசிக்கொண்டு போவதல்ல. பள்ளத்தைக் கண்டு திடீரென்று ரோட்டுக்கு நடுவே ஒடிக்கிறோமே, அதுதான் ஆபத்து. நிறுத்தி வைத்த கார்களைத் தாண்டும்போது ஒரு கதவு அகலம் இடம் விட்டுப் போகவேண்டும். எந்த நிமிடத்தில் எந்தக் கதவு திறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சிவப்பு விளக்கு எல்லாருக்கும் சிவப்புதான். ஒருவழிப் பாதை சைக்கிளுக்கும் ஒருவழிப் பாதைதான். சிவப்பு வளையத்துக்குள் சைக்கிள் படம் போட்ட பலகை இருந்தால், அந்த ரோட்டில் சைக்கிள் கூடாது. சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

திரும்புவதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, பின்னால் திரும்பிப் பார்த்து, கையை நீட்ட வேண்டும். வலது பக்கத்துக்கு வலது கை, இடது பக்கத்துக்கு இடது கை. பெரிய ரோட்டில் வலது பக்கம் திரும்ப பயமாக இருக்கிறதா? இறங்கி, தள்ளிக்கொண்டு, ஜீப்ரா கோட்டில் நடந்து கடக்கட்டும். இதில் என்ன கௌரவக் குறைச்சல்?

பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடது பக்கத்தில் புகுந்து போகவே கூடாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அந்த மூலை தெரியாது. பஸ் ஸ்டாப்பில் படியிலிருந்து குதிப்பவரும் நம் பிள்ளை மேலேயே குதிப்பார்.

இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் வேண்டும். இரண்டு பிரேக்கும் பிடிக்கணும், பெல் அடிக்கணும். புத்தகப் பை முதுகில் இருக்கணும். ஹேண்டில்பாரில் தொங்கக் கூடாது. துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும். காதில் பாட்டுக் கேட்கும் கருவி கூடவே கூடாது. சின்னத் தம்பியை கேரியரில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவதையும் நிறுத்துங்கள். குழந்தையின் குதிகால் ஸ்போக்ஸில் மாட்டி சதை கிழிவது எலும்பு டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற காயம்.

ஹெல்மெட்? சட்டம் கேட்கவில்லை, அம்மாவாகிய நான் கேட்கிறேன். சைக்கிள் விபத்தில் தலையில் காயம் படும் வாய்ப்பை அது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், தாடைக்குக் கீழே வார் பூட்டியிருக்க வேண்டும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி தொங்கினால் பிரயோஜனமில்லை.

இப்போது கார், ஸ்கூட்டர் வைத்திருக்கும் நமக்கு...

சைக்கிள் வண்டி என்றால் அதற்கு ரோட்டில் இடமும் உண்டு, இல்லையா? அந்த இடத்தை யார் தரவேண்டும்? நாம்தான்! காலையில் பிள்ளையை சைக்கிளில் அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் கழித்து நம் காரில் கிளம்பி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பின்னால் விடாமல் ஹார்ன் அடிக்கிறோம். “ஏய், ஓரமா போ!” என்கிறோம். அந்தக் குழந்தை பதறி ஒடித்தால் யார் பொறுப்பு?

2017-ம் வருட மோட்டார் வாகனங்கள் ஓட்டும் விதிமுறைகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், இவர்களிடம் வண்டி ஓட்டுபவர் தனிக் கவனம் எடுக்க வேண்டும். கருணையால் அல்ல, விதியே அப்படி. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்து போலீஸ் வேக வரம்பை மாற்றி அறிவித்தபோது, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியானாலும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் என்றார்கள். நம் தெருவில் நாம் என்ன வேகத்தில் போகிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! முப்பதில் மோதினால் அடிபட்ட பிள்ளை பெரும்பாலும் வீடு திரும்பும். அறுபதில் மோதினால்... வேண்டாம், எழுதக் கை வரவில்லை.

இன்னொரு சின்னப் பழக்கம். காரை நிறுத்தி இறங்கும்போது, வலது பக்கம் இருக்கும் டிரைவர் கதவை இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகவே திரும்பும்; பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். காசா, பணமா?

‘ரோடு இருக்கிற லட்சணத்துல சைக்கிளா? எதுக்கு வம்பு, ஸ்கூட்டியே எடுத்துட்டுப் போகட்டும்’ என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. பாதுகாப்பு என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் 2019-ல் சேர்த்த 199-ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாத மைனர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பேட்டரி வண்டிதானே என்று வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 250 வாட்ஸுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்ததுதான் விதிவிலக்கு. அதைத் தாண்டினால் அதுவும் மோட்டார் வண்டியே.

உடம்புக் கணக்கையும் பாருங்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது உடம்பு அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கும் டியூஷனுக்கும் மிதித்தாலே பாதி தேறிவிடும். நாம் என்ன செய்கிறோம்? சாலைக்கு பயந்து சைக்கிளை பால்கனியில் தூசி படிய விட்டுவிட்டு, முப்பது வயதில் அதே பிள்ளை ஓடாத சைக்கிளை மிதிக்க ஜிம்முக்குப் பணம் கட்டுகிறது!

‘எல்லாம் சரி, முதலில் நல்ல ரோடு போடச் சொல்லுங்கள்’ என்பீர்கள். நியாயம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தருவோம் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கை வகுத்தது. அது உங்கள் தெருவுக்கு வந்ததா என்று கவுன்சிலரைக் கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக் காலை ஏழரை மணிக்கு நம் பிள்ளை கிளம்பியாக வேண்டுமே! அதற்குள் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு காலியாக இருக்கும்போது, பிள்ளை தினமும் போகிற வழியில் வீட்டில் ஒருவர் கூடவே போய் வாருங்கள். இங்கே நில், இங்கே திரும்பிப் பார், இங்கே இறங்கித் தள்ளு என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. நான் அதைச் செய்திருந்தால், அந்த ஆறு வாரம் என் பிள்ளைக்கு நான் சோறு ஊட்டியிருக்க வேண்டாம்.

எலும்பு கூடி, டாக்டர் சரி என்ற பிறகு, மறுபடி சைக்கிள் ஏறிய அன்று சாயங்காலம் வந்து சொன்னான்: “அம்மா, சிக்னல்ல எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் நின்னேன். பின்னாடி ஒரு அங்கிள் ஹார்ன் அடிச்சிட்டே இருந்தாரு.”

“நீ என்னடா பண்ணே?”

“பச்சை விழற வரைக்கும் நின்னேன்.”

அந்த அங்கிளாக மட்டும் நாம் இருக்க வேண்டாமே!