கன்னியர் மேல பழி போடாதீங்க

நோர்ட்டன் பிரிட்ஜுக்கு வர்ற காணொளிக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த விமான டயர் பக்கத்துல நின்னு படம் எடுங்க, மலையும் ஏறுங்க. "ஏழு கன்னியர் பலி வாங்கிட்டாங்க" என்று மட்டும் கதை கட்டாதீங்க.

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணிக்குப் பிறகு. சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 இந்தோனேசியர்கள், 9 பணியாளர்கள். கட்டுநாயக்காவில் இறங்க வேண்டிய மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

விமானிகள் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நினைத்தார்கள். உண்மையில் விமான நிலையம் சுமார் 40 கடல் மைலுக்கு அப்பால் இருந்தது. 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. எதிரே நின்ற மலையோ 4,000 அடிக்கு மேல். டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பி, தாங்கள் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள் என்றது விசாரணை. இதுல கன்னியருக்கு என்ன வேலை?

நாலு வருஷம் கழித்து, 1978 நவம்பர் 15. ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசியர்களோடு வந்த ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்கா ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோப்பில் விழுந்தது. 183 பேர் செத்தார்கள். விமானிகள் தவறா, தரைக் கருவிகள் தவறா என்று இரண்டு நாட்டு விசாரணையாளர்களும் மோதிக்கொண்டார்கள். அந்தத் தென்னை மரத்துக்கு யாராவது பேய்க்கதை கட்டினாங்களா? கட்டுநாயக்கா என்றால் கருவிக் கோளாறு, மலையகம் என்றால் சாபம். நல்லா இருக்குங்க நியாயம்!

எங்களுக்குக் கோபம் இன்னொன்றில். அந்த மலைக்குக் கீழே தோட்டம், லயம், சனம் எல்லாம் இருந்தது. 1974 என்பது தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். 1948-இல் பறித்த குடியுரிமை நிறையப் பேருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி பலர் கப்பலேறக் காத்திருந்தார்கள். நாடே இல்லாத சனத்தின் வாசலில் பன்னாட்டு விமானம் ஒன்று விழுந்திருக்கிறது. அந்தக் காணொளிகளில் இவங்க குரல் எங்கே? டயர் இருக்கு, புகைமூட்டம் இருக்கு, பயமுறுத்தும் இசை இருக்கு. ஒரு அப்பாயி இல்லை.

அன்றைக்குப் பதினைந்து வயசாக இருந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டியிருக்கும். கைபேசி எல்லார் கையிலயும் இருக்கு. நாங்க கேட்கப் போறோம், நீங்களும் உங்க லயத்துல கேளுங்க: சத்தம் கேட்டுச்சா? முதல்ல மலை ஏறுனது யாரு? என்ன பார்த்தாங்க? மறுநாள் கொழுந்தெடுக்கப் போனாங்களா? போகாதவங்களுக்குப் பேர் போட்டாங்களா?