சாக்கோ பள்ளத்தாக்கு: அந்த 16 கி.மீ. நிலத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கிறது சாக்கோ பள்ளத்தாக்கு. கி.பி. 850 வாக்கில் தொடங்கி சுமார் 300 ஆண்டுகள் பியூப்லோ மக்களின் முன்னோர் இங்கே கல் மாளிகைகள் கட்டினார்கள். பியூப்லோ பொனிட்டோ என்ற ஒரே கட்டடத்தில் 600-க்கும் மேற்பட்ட அறைகள். 1987 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அப்புறம் என்ன பிரச்னை? சுற்றியுள்ள நிலத்துக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறதே!

2023 ஜூனில் அன்றைய உள்துறை அமைச்சர் டெப் ஹாலண்ட், பூங்காவைச் சுற்றி 10 மைல் தூரத்துக்கு மத்திய அரசு நிலத்தில் புதிய குத்தகைகளுக்கு 20 ஆண்டு தடை போட்டார். சுமார் 3.36 லட்சம் ஏக்கர். (அங்கே உள்துறை என்றால் போலீஸ் இல்லை, அரசு நிலம், தேசியப் பூங்கா, பழங்குடி விவகாரங்கள்.) ஹாலண்டே லகூனா பியூப்லோவைச் சேர்ந்தவர்.

பூங்காவுக்குத்தான் ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கே, வெளியே எதுக்குத் தடை?

சாக்கோ பூங்கா வேலியோடு முடிந்துபோகிற ஊர் இல்லை. அதன் பழைய சாலைகளும் குடியிருப்புகளும் வெளியே வெகுதூரம் பரவியிருக்கின்றன. 'இங்கே வாழ்ந்தவர்கள் ஊரைக் கைவிட்டு மறைந்துபோனார்கள்' என்றுதான் நீண்ட காலம் எழுதினார்கள். அவர்களுக்கு வைத்த 'அனசாசி' என்ற பெயரும் நவாஹோ மொழிச் சொல். 'பழைய எதிரிகள்' என்பதுபோல அர்த்தம். பியூப்லோ மக்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. நாங்க மறையவே இல்லை, இடம் மாறினோம், அவ்வளவுதான் என்கிறார்கள். அகோமா, லகூனா, ஸூனி, ஹோப்பி என வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். முன்னோர் இன்னும் அங்கேயே இருப்பதாக நம்பிப் பிரார்த்தனைக்கும் போகிறார்கள். அவர்களுக்கு அது இடிபாடு இல்லை, ஊர்.

ஆனால், இன்று அந்தப் பகுதியில் அதிகம் குடியிருப்பவர்கள் நவாஹோ மக்கள். அங்கே தனிநபர் பங்கு நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு எண்ணெய் ராயல்டிதான் முக்கிய வருமானம். சட்டப்படி தடை அவர்கள் நிலத்தைத் தொடவில்லை. ஆனால் சுற்றிலும் அரசு நிலம். அதைத் தாண்டித் துளையிட முடியாவிட்டால் இங்கே எந்தக் கம்பெனி வரும்? நியாயமான கேள்விதான். ஒரே வித்தியாசம், இழந்த ராயல்டியை அரசு நினைத்தால் ஈடுகட்டலாம். தோண்டிய சமாதியை?

2025 ஜனவரியில் தடையை எதிர்த்து நவாஹோ நேஷன் வழக்குப் போட்டது. தடையைக் காப்பாற்ற அகோமாவும் லகூனாவும் அதே வழக்கில் நுழைந்தன. டிரம்ப் அரசோ தடையையே ரத்து செய்யும் யோசனையைக் கையில் எடுத்தது. ரத்தாகாமல் தப்பித்தால், 2043 வரை செல்லும்.