டைனோசர் வந்தால் கலங்க வேண்டாம்

சகோதரிகளே, சென்ற மாதம் திருவிடந்தையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். நித்ய கல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு உள்ளே நுழைகிறேன், அவள் கண் கலங்கி நிற்கிறாள். "அண்ணி, பெண்ணோட பொறியியல் விண்ணப்பத்துக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். செல்போன்ல பக்கமே திறக்கலை. காலையிலேர்ந்து உயிரை எடுக்குது!"

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஏதோ இங்கிலீஷ்ல வருது, படிக்கலை அண்ணி." நம்மில் பாதிப்பேர் இப்படித்தான். குழந்தை அழுதால் பசியா, வயிற்றுவலியா என்று பார்க்கிறோமே, அதுபோல இதையும் பார்த்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

குட்டி டைனோசர் படம் வந்தால் நெட்டே இல்லை என்று அர்த்தம். (2014-லிருந்து குரோமில் ஓடும் அந்த டைனோசரை விளையாட்டு என்றே பல வீட்டுப் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள்!) ஏரோப்ளேன் மோடைப் போட்டு, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். வைஃபை பெட்டியை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததே, அந்த மாதிரி நாளில் கோளாறு நம் வீட்டுப் பெட்டியில்தான் என்று சொல்ல முடியாது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

'டி.என்.எஸ்.' என்ற எழுத்து வந்தால் விலாசம் கிடைக்கவில்லை. நாம் அடிக்கும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டைரக்டரி அது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தது. ஓர் எழுத்து தப்பினாலும் தபால்காரர் வீடு தேடுவதுபோல் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். முதலில் எழுத்தைச் சரிபாருங்கள். 404 வந்தால் உங்கள் நெட் நன்றாகவே இருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பக்கம் இல்லை. இதற்குப் போய் வைஃபை பெட்டியைத் தட்டுகிறவர்கள் உண்டு, என் வீட்டுக்காரர் உட்பட.

நாத்தனார் போனில் இருந்தது வேறு: 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல.' தளம் ஒவ்வொன்றும் 'நான் இன்னார்தான்' என்று ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்கு ஆரம்ப நாளும் முடியும் நாளும் உண்டு. பல தளங்களுக்கு 90 நாளுக்குத்தான் தருகிறார்கள். போன் அதைத் தன் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நான் தேதியைப் பார்த்தேன். நான்கு மாதம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது!

"யாருடா தேதியை மாத்தினது?" என்றதும் எட்டு வயசுப் பையன் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். "கேம்ல லைஃப் தீர்ந்துபோச்சு அத்தை. தேதியைத் தள்ளினா உடனே கிடைக்கும்." இரண்டு நாளாக வாட்ஸப்பும் தேதி தப்பு என்று சொல்லியிருக்கிறது. இவள் கவனிக்கவில்லை. அமைப்புகளில் போய்த் தேதி, நேரத்தைத் 'தானாக' என்று வைத்தேன். பக்கம் திறந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். தேதி சரியாக இருந்தும் இந்த எச்சரிக்கை வந்தால், அதுவும் பாங்க் பக்கத்திலோ பணம் கட்டும் பக்கத்திலோ வந்தால், 'பரவாயில்லை, தொடரு' என்பதை அழுத்தவே அழுத்தாதீர்கள். நடுவில் யாரோ நிற்கலாம், அல்லது பக்கமே போலியாக இருக்கலாம். காலையில் அவளும் அதை அழுத்தத்தான் பார்த்தாளாம், மகள் தடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி! அழுத்திப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மாலை ஆறு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நாத்தனார் எனக்குக் காபி கலந்து கொடுத்தாள். பையன் மட்டும், லைஃப் எல்லாம் போய்விட்டதென்று, இரவுச் சாப்பாடு வரை என்னோடு பேசவில்லை.