கண்ணுக்குள் மருந்து: யாருக்காக?

கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்துகிறது. பட்டறையில் இரும்புத் தூள் தெறிக்கிறது. "தூசிதானே" என்று கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறான் தொழிலாளி. அந்தச் சிறு கீறல் வழியே பூஞ்சக்காளான் கருவிழியில் குடியேறுகிறது. கண் சிவந்து, வெள்ளை விழுந்து, பார்வை மங்கும்போதுதான் விபரீதம் புரிகிறது.

இது தலைவிதியா? இல்லவே இல்லை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கண்ட கணக்கோ 11 தான். வெயிலும் ஈரமும் மட்டுமா காரணம்? கண்ணுக்குக் காப்பில்லாமல் வயலில் உழைப்பவன் யார் என்று பாருங்கள்!

இந்நோய்க்கு நேட்டமைசின் என்ற சொட்டு மருந்து உண்டு. 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஆரம்பத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் விடவேண்டும். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். அன்றாடக் கூலிக்காரனுக்கு இது முடிகிற காரியமா? காளான் கண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டால் சொட்டு மருந்து அங்கே போதிய அளவு எட்டுவதில்லை. கண்ணுக்குள் ஊசி போடவேண்டும். மருந்து கரைந்து போனதும் மறுபடியும் ஊசி!

இதற்கு விஞ்ஞானம் ஒரு வழி காட்டுகிறது. மருந்தை ஒரு சிறு பொதியாக்கிக் கண்ணுக்குள் வைத்துவிட்டால், அது சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டே இருக்கும். எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையைத் தாக்கும் வைரஸுக்கு எதிராக இத்தகைய பொதி 1996-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காளானுக்கு எதிரான பொதிகளையும் முயல்களின் கண்ணில் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அவை மனிதர் சிகிச்சைக்கு இன்னும் வந்து சேரவில்லை. கூலிக்காரன் கண்ணில் லாபம் ஏது? லாபமில்லாத இடத்தில் கம்பெனி பணம் போடாது. எனவே சர்க்காரின் ஆராய்ச்சிக் கூடங்களே இந்த வேலையை ஏற்கவேண்டும்.

அதுவரை கைகட்டிக் காத்திருப்பதா? கூடாது. நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்கள், கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு மூன்று நாள் களிம்பு போட்டார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டுக்கொண்ட ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை! விலையுயர்ந்த பொதி வருமுன்னே மலிவான களிம்பு கண்ணைக் காக்கும்.

தோழர்களே! கண்ணில் அடிபட்டால் தாய்ப்பாலும் பச்சிலையும் விடாதீர்கள். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு சொட்டு காளானுக்குத் தீனி போடும். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சங்கத்தில் பேசி மூன்று கோரிக்கைகளை எழுப்புங்கள்: வேலை கொடுப்பவர் காப்புக் கண்ணாடி தரவேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பும் நேட்டமைசினும் எப்போதும் இருக்கவேண்டும், சிகிச்சை நாட்களுக்குக் கூலி வேண்டும்.

ஊருக்குச் சோறு போடுகிறவனின் கண்ணை ஊர் காப்பாற்றவேண்டும். இது தர்மமல்ல, நம் உரிமை!