ஜெர்மன் டாங்கிகள்: வீரக்கதையும் பல்சக்கரமும்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு கூற்று தவறாமல் வந்துவிடுகிறது. ஜெர்மானியரிடம் இருந்த டாங்கிகளே உலகில் மிகச் சிறந்தவை, எதிரிகளின் எண்ணிக்கைக்கு முன்னால்தான் அவர்கள் தோற்றார்கள் என்பது அக்கூற்று. நன்கு படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். கணினி விளையாட்டில் 'டைகர்' ஓட்டும் என் மாணவர்களும் சொல்கிறார்கள். முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஜெர்மனி வென்றுகொண்டிருந்த ஆண்டுகளில் அதன் டாங்கிகளிற் பல எதிரியின் டாங்கிகளைவிட எளியவை. இன்று உலகம் வியக்கும் டாங்கிகள் அதன் கைக்கு வந்து சேர்ந்தபோது போர் கைநழுவத் தொடங்கியிருந்தது. அப்படியானால் அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது? போர்க்களத்திலிருந்து வந்ததைவிட அச்சகத்திலிருந்து வந்தது மிகுதி என்பது என் எண்ணம். இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் டாங்கிகளைப் பற்றி எழுதத் துணிந்ததும் அதனாலேயே.

முதலில் 1940க்குச் செல்வோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி டாங்கி வைத்துக்கொள்வதையே தடை செய்திருந்தது. அவர்கள் சோவியத் நாட்டில் கசான் நகருக்கு அருகே, 'காமா' என்ற ரகசியப் பள்ளியில் 1929 முதல் 1933 வரை பயின்றார்கள். (பிற்பாடு ஒன்றையொன்று கொன்று குவிக்கவிருந்த இரு படைகளும் ஒரே பள்ளியில் பாடம் கேட்டன!) 1940 மே மாதம் பிரான்சின் மீது படையெடுத்தபோது ஜெர்மனியிடம் இருந்த ஏறத்தாழ 2,500 டாங்கிகளில் பாதிக்கு மேற்பட்டவை 'பான்சர் ஒன்று', 'பான்சர் இரண்டு' ஆகிய சிறு வண்டிகள். முன்னதில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே. பின்னதில் 20 மி.மீ. பீரங்கி. இன்னொரு பகுதி செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கியபோது கிடைத்தவை. எதிரே நின்ற பிரெஞ்சு 'ஷார் பி1 பிஸ்' டாங்கிக்கு 60 மி.மீ. கவசமும் இரண்டு பீரங்கிகளும் உண்டு. மே 16ஆம் நாள் ஸ்டோன் என்ற கிராமத்துக்குள் அப்படிப்பட்ட ஒரே ஒரு வண்டி நுழைந்து பதின்மூன்று ஜெர்மன் டாங்கிகளை அழித்துவிட்டு, உடலெல்லாம் குண்டுத் தழும்புகளோடு திரும்பிப் போனது. ஆனாலும் ஆறு வாரங்களில் பிரான்சு வீழ்ந்தது.

காரணம் கவசத்தில் இல்லை; வண்டிக்குள் மனிதர்களை அமர்த்திய முறையில் இருந்தது. டாங்கியின் தலையில் சுழலும் பீரங்கிக் கூட்டுக்குள், பிரெஞ்சு வண்டியில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவரே சுற்றிலும் பார்க்க வேண்டும், குண்டை நிரப்ப வேண்டும், குறி வைக்க வேண்டும், சுட வேண்டும், ஓட்டுநருக்கு ஆணையிடவும் வேண்டும். ஜெர்மானியர் தம் 'பான்சர் மூன்று', 'பான்சர் நான்கு' வண்டிகளில் இதே வேலையை மூவருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். சுடுபவர் ஒருவர், நிரப்புபவர் ஒருவர், தலைவருக்குப் பார்ப்பதும் சிந்திப்பதும் மட்டுமே வேலை. அதற்கு மேல், பெரும்பாலான வண்டிகளில் வயர்லெஸ் கருவி இருந்தது. டாங்கிப் படையின் சிற்பி என்று கொண்டாடப்படும் குடேரியன் முதல் உலகப் போரில் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றியவர் என்பது தற்செயல் அல்ல. பீரங்கிப் படை, பொறியாளர், காலாட்படை, விமானம் எல்லாம் டாங்கியோடு ஒரே பேச்சில் இணைந்திருந்தன. பிரெஞ்சு டாங்கிகளில் மிகப் பல ஊமைகள்.

1941இல் இதே பாடம் இன்னும் பெரிய அளவில் நடந்தது. சோவியத் நாட்டிடம் டி-34 இருந்தது, கே.வி. என்ற கனரக டாங்கி இருந்தது. டி-34இன் சாய்ந்த கவசத்தில் ஜெர்மானியரின் சிறு பீரங்கிக் குண்டுகள் பட்டுத் தெறித்தன. அகலமான சங்கிலிப் பட்டைகளோடு அது சேற்றில் ஓடியது. லித்துவேனியாவில் ரசெய்னியாய் அருகே ஒற்றைக் கே.வி. டாங்கி சாலையை மறித்து ஒரு ஜெர்மன் பிரிவின் பகுதியையே தடுத்து நிறுத்தியது. ஆனாலும் அந்த ஆண்டில் சோவியத் படை இழந்த டாங்கிகள் சுமார் 20,000. பயிற்சியில்லை, உதிரிப் பாகமில்லை, எரிபொருள் வந்து சேரவில்லை, பல வண்டிகளில் வயர்லெஸ் இல்லை. உலகின் மிகச் சிறந்த டாங்கி என்று பலர் கருதுவதை வைத்துக்கொண்டே ஒரு படை தோற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் தோற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். வென்றவர்களோ டாங்கியை மட்டும் பார்த்து மிரண்டு போனார்கள்.

அந்த மிரட்சிக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, இருப்பதைத் திருத்துவது. பழைய பான்சர் நான்கில் 1942இல் நீண்ட 75 மி.மீ. பீரங்கியைப் பொருத்தினார்கள். சுழல்கூடே இல்லாத, தாழ்ந்த, மலிவான 'ஸ்டூக்' என்ற தாக்கு பீரங்கி வண்டியிலும் அதையே செய்தார்கள். ஸ்டூக் வண்டிகள் ஏறத்தாழ பத்தாயிரம் செய்யப்பட்டன. ஜெர்மன் படையின் உண்மையான சுமையைத் தாங்கியவை இவையே. சுவரொட்டியில் ஒட்ட இவற்றின் படத்தை யாரும் கேட்பதில்லை.

மற்றொரு விடை டைகர். 57 டன் எடை, முன்புறம் 100 மி.மீ. கவசம், 88 மி.மீ. பீரங்கி. அதன் வலிமையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. எதிரியால் தன்னைத் துளைக்க முடியாத தொலைவில் நின்று எதிரியைத் துளைக்க அதனால் முடிந்தது. குறிநோக்கிக் கண்ணாடிகள் உயர்ந்த தரத்தவை. தேர்ந்த குழுவினர் கையில், திறந்த வெளியில், தற்காப்புப் போரில் அது அஞ்சத்தக்க கருவிதான். ஆனால் செய்யப்பட்டவை மொத்தம் சுமார் 1,350 மட்டுமே. ரயிலில் ஏற்ற வேண்டுமானால் அகலமான பட்டைகளைக் கழற்றிக் குறுகிய பட்டைகளை மாட்ட வேண்டும். இறக்கியபின் மறுபடி மாற்ற வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த அதன் சக்கரங்களுக்கிடையே ரஷ்யச் சேறு புகுந்து இரவில் உறைந்துவிடும். உள்வரிசைச் சக்கரம் ஒன்று பழுதானால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்றியாக வேண்டும். பழுதான டைகரை இழுக்கப் பதினெட்டு டன் இழுவை வண்டிகள் மூன்று தேவைப்பட்டன. இன்னொரு டைகரைக் கொண்டு இழுப்பதற்குத் தடை இருந்தது, இழுக்கும் வண்டியும் பழுதாகும் என்பதால்.

பாந்தர் இன்னும் துயரமான கதை. தாளில் பார்த்தால் அதைப் போல் அழகிய டாங்கி அந்தப் போரில் இல்லை. சாய்ந்த 80 மி.மீ. முன்கவசம், நெடுந்தொலைவு பாயும் 75 மி.மீ. பீரங்கி, நல்ல வேகம். முப்பது டன்னை ஒட்டி வரவேண்டும் என்று தொடங்கிய வண்டி, கவசத்தைக் கூட்டு என்று மேலிடம் சொல்லச் சொல்ல நாற்பத்தைந்து டன்னில் வந்து நின்றது. எடை கூடியது, ஆற்றலைப் பட்டைச் சக்கரத்துக்குக் கடைசியாகக் கொண்டு சேர்க்கும் பல்சக்கரத் தொகுதி அதற்கேற்ப வலுப்பெறவில்லை. வலுவான வடிவம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவ்வகைப் பல்சக்கரங்களை வெட்டும் இயந்திரங்கள் ஜெர்மனியில் போதாமல், எளிய வடிவத்தையே வைத்தார்கள். எஃகை உறுதியாக்கும் கலப்பு உலோகங்களும் அரிதாகிக்கொண்டிருந்தன. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போருக்கு 200 பாந்தர்கள் அவசரமாக அனுப்பப்பட்டன. சில களத்தை அடையும் முன்பே தீப்பற்றின. சில நாட்களில் போரிடும் நிலையில் எஞ்சியவை கைவிரல்களில் எண்ணத்தக்கவை.

பிற்பாடு குறைகள் பல திருத்தப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பல்சக்கரம் மட்டும் திருந்தவேயில்லை. போருக்குப் பின் பிரெஞ்சுப் படை தன்னிடம் சிக்கிய பாந்தர்களைச் சில காலம் பயன்படுத்தியது. அதன் 1947ஆம் ஆண்டு அறிக்கை அந்தக் கடைசிப் பல்சக்கரத் தொகுதியின் சராசரி ஆயுளை 150 கிலோமீட்டர் என்று கணக்கிட்டது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ச் சேரலாம்; திரும்பி வர முடியாது. அதே வேலை அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் எப்படி நடந்தது என்பதையும் பாருங்கள். முன்புறத் திருகாணிகளைக் கழற்றினால் பல்சக்கரப் பெட்டி அப்படியே வெளியே வந்துவிடும். ஷெர்மன் கிட்டத்தட்ட 49,000 செய்யப்பட்டது. பாந்தர் சுமார் 6,000. எண்ணிக்கையால் தோற்றார்கள் என்று சொல்பவர்கள், அந்த எண்ணிக்கையும் வடிவமைப்பின் ஒரு குணமே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்விடத்தில் இலக்கிய மாணவனுக்கு மிகவும் பிடித்த ஓர் ஆவணத்தைக் குறிப்பிட வேண்டும். 1943இல் டைகர் குழுவினருக்கென்று 'டைகர்ஃபீபெல்' என்ற கையேடு வெளியானது. ஃபீபெல் என்றால் அரிச்சுவடி. எதுகையோடு கூடிய வரிகள், கேலிச் சித்திரங்கள், நடுநடுவே ஓர் அழகியின் படம் என்று அமைந்த நூல் அது. அடுத்த ஆண்டு வந்த பாந்தர் அரிச்சுவடி பெரும்பாலும் செய்யுளாகவே எழுதப்பட்டது. வைத்தியத்தையும் சோதிடத்தையும் செய்யுளில் வைத்து மனனம் செய்த மரபினராகிய நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் அதை ஏன் எழுத நேர்ந்தது என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும். மிகுந்த திறமை தேவைப்படும் இயந்திரத்தை, பயிற்சிக்கு நேரமும் பெட்ரோலும் கிடைக்காத இளைஞர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். 1944 மே முதல் செயற்கை எரிபொருள் ஆலைகள் மீது குண்டுவீச்சு தொடங்கியபின் ஓட்டுநர் பயிற்சி மேலும் சுருங்கியது. கற்றுக்குட்டி ஓட்டுநர் கையில் அந்த 150 கிலோமீட்டரும் நீடித்திருக்குமா என்பது ஐயமே.

இதற்குப் பிறகு வந்தவற்றை விரைந்து கடக்கலாம். போட்டியில் தோற்ற போர்ஷெ வடிவத்துக்காக முன்கூட்டியே செய்து வைத்த அடிப்பகுதிகளை வீணாக்காமல் சுமார் தொண்ணூறு 'ஃபெர்டினாண்ட்' வண்டிகள் ஆக்கினார்கள். காலாட்படையைத் தடுக்க ஓர் இயந்திரத் துப்பாக்கிகூட இல்லாமல் கூர்ஸ்குக்கு அனுப்பினார்கள். எழுபது டன் எடையுள்ள இரண்டாம் டைகர் 500க்கும் குறைவு. அதில் ஒன்று பெல்ஜியத்தின் லா க்ளேஸ் கிராமத்தில் இன்றும் நிற்கிறது. 1944 டிசம்பரில் எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்ட ஒரு படையணி விட்டுப்போனது அது. 188 டன் எடையுள்ள 'மவுஸ்', அதாவது எலி, இரண்டு மாதிரிகளோடு நின்றுபோனது. இவையெல்லாம் நடந்தபோது அதே படையின் பெரும்பகுதி குதிரை வண்டியில்தான் சென்றுகொண்டிருந்தது. 1941 ஜூனில் சோவியத் எல்லையைக் கடந்தபோது டாங்கிகள் மூவாயிரத்துச் சொச்சம். குதிரைகள் ஆறு லட்சத்துக்கும் மேல்.

சரி, இந்த வண்டிகள் எப்படிக் காவிய நாயகர்கள் ஆயின? போர் முடிந்ததும் அமெரிக்கப் படையின் வரலாற்றுப் பிரிவு, முன்னாள் தலைமைத் தளபதி ஹால்டரின் கீழ், சிறைப்பட்ட ஜெர்மன் அதிகாரிகளை அமர்த்திப் போர் அனுபவங்களை எழுத வைத்தது. எழுதியவர்கள் தோற்றவர்கள், வாசகர்கள், அடுத்த போர் சோவியத் நாட்டோடு வரும் என்று அஞ்சிய வென்றவர்கள். எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இவ்வளவு இசைவு அமைவது அரிது. பிரிட்டிஷ் எழுத்தாளர் லிடெல் ஹார்ட் தளபதிகளை நேர்கண்டு 1948இல் நூலாக்கினார். குடேரியனின் நினைவுக்குறிப்புகள் 1952இல் ஆங்கிலத்தில் வந்தபோது, டாங்கிப் போர்முறையில் லிடெல் ஹார்ட்டுக்குத் தாம் கடன்பட்டவர் என்று கூறும் ஒரு பத்தி அதில் இருந்தது. ஜெர்மன் மூலத்தில் அந்தப் பத்தி இல்லை. லிடெல் ஹார்ட் கேட்டுப் பெற்றது அது. பாட வேறுபாடு பார்த்துப் பழகியவர்கள் இதன் பொருளை உடனே உணர்வார்கள். மான்ஸ்டைனின் 1955ஆம் ஆண்டு நூலின் பெயரே 'இழந்த வெற்றிகள்'. வெற்றி தளபதிகளுடையது, இழந்தது ஹிட்லர் என்பது தலைப்பிலேயே தெரிகிறது. ஹிட்லரோடு வாதிட்டவர் என்று தம்மைக் காட்டிக்கொண்ட குடேரியனுக்கு, அதே ஹிட்லர் ஆக்கிரமித்த போலந்தில் ஒரு பெரிய பண்ணையை வழங்கியிருந்தார்.

நான் இந்நூல்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நடை நன்று, விவரங்கள் வளமானவை. ஆனால் இத்தகைய நூல்கள் வளர்த்த வீரக்கதையில் இயந்திரம் நாயகனாகிவிடுவதால், அது எதற்காக ஓடியது என்ற கேள்வி எழாமலே போகிறது. யார் அதைச் செய்தார்கள் என்பதும்தான். பான்சர் நான்கு பெருமளவில் உருவான ஆலைகளில் ஒன்று ஆஸ்திரியாவின் செயின்ட் வாலன்டினில் இருந்தது. ஜெர்மானியரின் இடைக்காலக் காவியத்தின் பெயரால் அதற்கு 'நிபெலுங்கன் ஆலை' என்று பெயரிட்டார்கள். எல்லோரும் வெட்டுண்டு மடிவதோடு முடியும் காவியம் அது. 1944இல் அந்த ஆலைக்கென்றே மவுத்ஹவுசன் வதைமுகாமின் கிளை ஒன்று திறக்கப்பட்டது. கைதிகள் அங்கே டாங்கி செய்தார்கள்.

குடேரியனையும் மான்ஸ்டைனையும் படிக்கும் நண்பர்கள், கையோடு அந்த 1947ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அறிக்கையைப் பற்றியும் தேடிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நடை வறட்சியாகத்தான் இருக்கும். பல்சக்கரங்களைப் பற்றியே பேசும்.